தென்னங்கட்டையில் பகையும் செம்பனை வேரில் துணையும்

பாகான் டத்தோ என்றால் தென்னை. தென்னை என்றால் பாகான் டத்தோ. பேராக் மாநிலத்தில் இவ்வாறு சொல்லாதார் இல்லை. ஒருபுறம் பேராக் ஆறும் மறுபுறம் பெர்ணம் ஆறும் மலாக்கா நீரிணையில் கலக்க, இடையே நாக்குப்போல் நீண்டு கிடக்கும் தாழ்நிலம் இது. கடல்நீர் புகாதபடி மண்ணணை போட்டு, ஆழமாக வாய்க்கால் வெட்டி, சதுப்பை வடித்த பிறகே இங்கே மரம் நட முடிந்தது. தோட்டங்களில் வாய்க்கால் வெட்டியவர்களுள்ளும், பின்னர்த் தேங்காய் உரித்துக் கொப்பரைச் சூளையில் அடுக்கியவர்களுள்ளும் தஞ்சை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர். 2017-இல் இப்பகுதி தனி மாவட்டமாயிற்று. இன்று சாலையில் செல்வோர் ஒருபுறம் தென்னையையும் மறுபுறம் செம்பனையையும் காணலாம். இவ்விரு மரங்களுக்கும் இடையே மண்ணுக்கடியில் நடந்த வரலாறு ஒன்றுண்டு. அதுவே இக்கட்டுரையின் பொருள்.

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பழைய செய்தித்தாளில் சுற்றிய பொருளொன்றை என் மேசைமேல் கொணர்ந்து வைத்தான். பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையளவு அகலமுள்ள ஒரு காளான். மேற்புறம் அரக்குப் பூசினாற்போல் செம்பழுப்பாகப் பளபளத்தது, ஓரம் வெண்மை, தட்டினால் மரக்கட்டை போன்ற ஓசை. செம்பனையின் அடியில் பலகைபோல் ஒட்டியிருந்ததைப் பெயர்த்து எடுத்தானாம். "ஐயா, இது மரத்தைத் தின்னுதா, இல்லே சும்மா மரத்துலே குடியிருக்கா?" என்று கேட்டான்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் நான் சிறப்பாகப் பயின்றவை தமிழும் வரலாறுமே. "தின்கிறது, போய்க் கையைக் கழுவு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் போன பின் மனம் ஒப்பவில்லை. நூல்களையும் ஆய்விதழ்களையும் தேடிப் படிக்கலானேன். படிக்கப் படிக்க, அச்சிறுவன் கேட்ட கேள்வியைத்தான் அறிஞர் பெருமக்களும் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றனர் என்பது விளங்கிற்று.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரச் சுவரிலும் பழஞ்சோற்றிலும் படர்வதைப் பூசணம் என்கிறோம். குடைபோல் முளைப்பதைக் காளான் என்கிறோம். படர்தாமரை என்று தோலில் வருவதும் அதே இனந்தான். இவை அனைத்தையும் அடக்கிப் பூஞ்சணம் என்னும் சொல் இந்நாளில் வழங்குகிறது. காளான் என்று நாம் காண்பது அதன் கனி போன்ற உறுப்பே. உண்மையான உடல், நூலினும் மெல்லிய இழைகளாக மண்ணிலோ மரத்திலோ மறைந்து கிடக்கும். மறைந்து கிடப்பதனால்தான் அதன் வரலாறு இவ்வளவு காலம் தெரியாமற் போயிற்று.

மாணவன் கொணர்ந்தது கானோடெர்மா என்னும் இனத்தைச் சேர்ந்தது. செம்பனையைக் கொல்லும் வகைக்குக் கானோடெர்மா போனினென்ஸ் என்று பெயர். ஜப்பானுக்குத் தெற்கேயுள்ள போனின் தீவுகளின் பெயரால் 1889-இல் பத்தூயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் இட்ட பெயர் அது. அன்று அவர் அறிந்தது அருங்காட்சியகத்தில் வைக்கத்தக்க ஒரு காளானை மட்டுமே.

செம்பனையோ மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளுக்குரியது. 1848-இல் ஜாவாவிலுள்ள போகோர் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவின் டெலி பகுதிக்குச் சென்று, அங்கிருந்து மலாயாவுக்கு வந்தன. ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர், பின்னாளில் நாவலாசிரியராகவும் புகழ்பெற்றவர், 1917-இல் கோலசிலாங்கூரை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் வாணிப நோக்கோடு முதன்முதலாகச் செம்பனை பயிரிட்டார். தோட்டத்தின் பெயரிலேயே தென்னைமரம் நிற்பதைத் தமிழர் கவனியாமல் இரார்.

இந்நாட்டுச் செம்பனையில் அடித்தண்டு அழுகல் நோய் பற்றி 1931-இல் தாம்சன் என்பார் எழுதினார். இருபத்தைந்து ஆண்டு கடந்த முதிய மரங்களில்தான் அதைக் கண்டார். முதுமையில் வரும் நோய்தானே என்று எவரும் பெரிதாக எண்ணவில்லை. 1950-களின் இறுதியில் நிலைமை மாறிற்று. பத்து, பதினைந்து ஆண்டு மரங்களே சாயலாயின. 1961-இல் நவரத்தினம் என்பார் இந்நோயைக் கட்டுப்படுத்தும் வழியை ஆராய்ந்து எழுதினார். 1965-இல் டர்னர் என்னும் நோயியல் அறிஞர், ஒவ்வொரு தோட்டத்திலும் செம்பனைக்கு முன் என்ன பயிர் இருந்தது என்பதைக் கேட்டறிந்து ஒப்பிட்டார். பால்மரமோ காடோ இருந்த இடத்தில் நோய் குறைவு. தென்னை இருந்த இடத்தில் மிகுதி. கடலோரத்தில் மிக மிகுதி.

காரணம் இதுதான். கொப்பரைக்கு விலை குன்றச் செம்பனைக்கு விலை ஏறிற்று. தென்னையைச் சாய்த்துவிட்டுச் செம்பனையை நட்டனர். சாய்த்த மரத்தின் கட்டைகளும் வேர்முண்டுகளும் மண்ணிலேயே கிடந்தன. உயிருள்ள தென்னையை இந்நாட்டில் பெரும்பாலும் வீழ்த்தாத கானோடெர்மா, செத்த தென்னங்கட்டையை விருந்தாக உண்டு பெருகிற்று. பக்கத்தில் வளர்ந்த இளஞ்செம்பனையின் வேர் அக்கட்டையைத் தொட்டது. இழைகள் வேர் வழியே தண்டினுள் ஏறின. இத்தகைய நிலங்களில் நட்டு நான்கைந்து ஆண்டுகளிலேயே நோய்க்குறி தோன்றுவதும், பதினைந்து ஆண்டு ஆவதற்குள் பாதியளவு மரங்கள் போய்விடுவதும் உண்டு. 1991-இல் குர்மிட் சிங் என்பார் தோட்டக்காரர்களின் இதழான 'பிளாண்டர்' ஏட்டில் எழுதிய கட்டுரைக்குக் கடற்கரைப் பகுதிச் செம்பனையின் பெருங்கொடுமை என்ற பொருளில் தலைப்பிட்டார். காற்றில் பறக்கும் வித்துத் தூள்களாலும் நோய் பரவுகிறது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தது. அடுத்தடுத்த மரங்களில் வெவ்வேறு வமிசக் கானோடெர்மா இருக்கக் கண்டதே அதற்குச் சான்று.

நோயின் கொடுமை அதன் அமைதியில் இருக்கிறது. குருத்துகள் விரியாமல் மூன்று நான்கு ஈட்டிபோல் நிற்கும்; அடி மட்டைகள் ஒடிந்து பாவாடைபோல் தண்டைச் சுற்றித் தொங்கும். இவற்றை நாம் காணும்போதே உள்ளே அடித்தண்டில் பாதி அழிந்திருக்கும். குலை வெட்டும் தொழிலாளிக்கு மேலே பார்த்தே பழக்கம். காளானோ காலடியில் இருக்கிறது.

இதே நோய் நம் முன்னோரின் ஊரிலும் வந்தது என்பதைப் பலர் அறியார். 1952-இல் தஞ்சை மாவட்டத்தைப் பெரும்புயல் தாக்கிற்று. அதன்பின் அங்குத் தென்னைகள் வாடலாயின. தண்டின் அடியில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தது, மட்டைகள் தொங்கின, அடியில் கானோடெர்மா முளைத்தது. 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்று அதற்குப் பெயராயிற்று. கன்னட நாட்டில் கமுகுக்கு வரும் இந்நோயை 'அணபெ ரோகம்' என்பர். அணபெ என்றால் காளான். ஆக, மலாயாவில் தென்னையை விட்டுவிட்டுச் செம்பனையைக் கொன்ற இனம், தஞ்சையில் தென்னையையே கொன்றது. 1958-இல் பட்டுக்கோட்டைப் பகுதியில் வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. வேப்பம் பிண்ணாக்கு இடுதல், ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மைப் பூஞ்சணத்தைத் தொழுவுரத்தோடு கலந்து இடுதல் ஆகியவை இன்றும் அம்மாவட்ட உழவர்க்குச் சொல்லப்படும் முறைகள்.

அவற்றுள் ஒன்று என்னை மிகவும் ஈர்த்தது. ஆரியோபஞ்சின் என்றொரு மருந்து. 1964-இல் பூனா நகரை அடுத்த பிம்பிரியிலுள்ள இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொழிற்சாலையில் திருமலாச்சார் குழுவினர் மண் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தது. பூஞ்சணங்களைக் கொல்ல வல்லது. அதில் 2 கிராமையும் மயில்துத்தம் 1 கிராமையும் 100 மில்லிலிட்டர் நீரில் கரைக்க வேண்டும். தென்னையின் இளவேர் ஒன்றைப் பென்சில் பருமனில் தேர்ந்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்துப் பையில் அமிழ்த்திக் கட்டிவிட வேண்டும். மரம் குடித்துக்கொள்ளும். மூன்று திங்களுக்கு ஒருமுறை இவ்வாறு ஊட்ட வேண்டும். குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போன்ற வேலை! பத்து மரம் வைத்திருப்பவன் செய்யலாம். பத்தாயிரம் மரம் உள்ள தோட்டத்தில் யார் செய்வது? மருந்தை நாம் வெளியிலிருந்து புகட்டாமல், மரத்தின் உள்ளேயே ஒருவர் இருந்து காய்ச்சிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அப்படி ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதே நான் சொல்ல வந்த செய்தி. ஒருவர் அல்லர், பலர்.

1866-இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி, செடியின் உள்ளே வாழும் பூஞ்சணத்தை வெளியே வாழ்வதினின்றும் பிரித்துப் பெயரிட்டு வழங்கினார். தமிழில் அதனை அகவாழ் பூஞ்சணம் எனலாம். ஆயினும் அக்காலத்தார்க்கு உள்ளே புகுந்தது எதுவாயினும் நோயே. நோயுற்ற செடியைத்தான் அறிஞர்கள் வெட்டிப் பார்த்தனர். நலமான செடியை எவர் வெட்டுவார்? 1898-இல் கோதுமை வயலில் களையாக வளரும் ஒருவகைப் புல்லின் விதையினுள் பூஞ்சண இழைகளைக் கண்டனர். புல்லோ நலமாகவே இருந்தது. வியப்புக்குரிய செய்தி என்று குறித்து வைத்ததோடு சரி. அமெரிக்காவில் பெஸ்கியு என்னும் புல்லை மேய்ந்த மாடுகள் நோயுற்றன. 1977-இல் ஆராய்ந்தபோது நஞ்சு புல்லினுடையதன்று, அதனுள் வாழும் பூஞ்சணத்தோடு சேர்ந்தது என்று கண்டனர். புல் இடம் தருகிறது; பூஞ்சணம் மேய்வாரை விரட்டுகிறது. அதன் பிறகே உலகம் நலமான செடிகளை வெட்டிப் பார்க்கத் தொடங்கிற்று. பனைக் குடும்பத்தில் அவ்வாறு ஆராயப்பட்டவற்றுள் முந்தியது ஆஸ்திரேலிய விசிறிப் பனை ஒன்று, ஆண்டு 1990.

நிற்க. இவ்விடத்தில் சென்னைக்கு ஒருமுறை செல்ல வேண்டும். இந்த வரலாற்றில் தமிழ்நாட்டின் பங்கு சிறிதன்று.

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தை 1944 முதல் மூன்று பத்தாண்டுக் காலம் நடத்தியவர் டி. எஸ். சதாசிவன். பருத்தியின் வாடல் நோய் அவர் கூடத்தின் பெரும்பொருள். அந்நோயைத் தரும் பியுசேரியம் என்னும் பூஞ்சணத்தைக் குடுவையில் வளர்த்தால் பியுசாரிக் அமிலம் என்றொரு பொருளைச் சுரக்கும். அதில் செடியை வைத்தால் செடி வாடும். ஆகவே அந்த அமிலமே வாடலுக்குக் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம் அன்றோ? சதாசிவனின் மாணாக்கர் அவ்வாறு சொல்லிவிடவில்லை. குடுவையில் சர்க்கரைப்பாகு உண்டு வளரும்போது செய்வதையெல்லாம், செடியின் உள்ளே இருக்கும்போதும் அது செய்யும் என்பதற்கு என்ன உறுதி? நோயுற்ற பருத்திச் செடிகளையே பிழிந்து, அவற்றினுள் அந்த அமிலம் இருப்பதைக் காட்டிய பின்னரே பேசினர். 1955-இல் லட்சுமிநாராயணன், டி. சுப்பிரமணியன் இருவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே ஒரு வினா: பியுசாரிக் அமிலம் உயிருள்ள செடியினுள் தோன்றும் நஞ்சுதானா?

வகுப்பில் ஒரு பையன் நன்றாகப் பாடுகிறான் என்றால், அவன் வீட்டிலும் பாடுகிறானா என்று கேட்பது போன்றது இவ்வினா. குடுவை வேறு, மரம் வேறு. அன்று நஞ்சைப் பற்றிக் கேட்ட இக்கேள்வியை, இன்று மருந்தைப் பற்றியும் கேட்டாக வேண்டும். கேளாதவர்கள் இடறி விழுந்ததையும் பின்னே காண்போம்.

அகவாழ் பூஞ்சணத்தை எவ்வாறு பிடிக்கிறார்கள்? சென்னை விவேகானந்தா கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னர் ராமகிருஷ்ணா மிஷன் வித்யாபீடத்தைச் சார்ந்த விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சணவியல் நிறுவனத்தை நடத்திய டி. எஸ். சூரியநாராயணன் குழுவினரின் முறை தெளிவானது. இலையைக் கழுவிச் சிறு சதுரங்களாக நறுக்குவர். சாராயத்தில் 5 வினாடி. வெளுப்புக் காரத்தில் 90 வினாடி. தூய நீரில் 10 வினாடி. இதனால் இலையின் மேற்பரப்பிலிருந்த பூசணம் யாவும் மாளும், உள்ளிருப்பவை பிழைக்கும். பிறகு உருளைக்கிழங்குச் சாறு கலந்த கடற்பாசிக் கூழின்மேல் துண்டுகளைப் பரப்பி மூன்று வாரம் காத்திருப்பர். இலையின் விளிம்பிலிருந்து இழைகள் மெல்ல வெளியே நீளும். வீட்டுக்குள் இருந்தவர்கள் வாசலுக்கு வருவதுபோல வருவர்.

அக்கூழில் பாக்டீரியா வளராமலிருக்க ஒரு மருந்து சேர்க்கிறார்கள்: குளோரம்பெனிகால். இம்மருந்துக்கும் நம் நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. வெனிசுவேலா மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1947-இல் எடுக்கப்பட்ட இதனை, 1948-இல் ஸ்மேடல் என்னும் அமெரிக்க மருத்துவர் குழு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரோடு சேர்ந்து, புதர்ச் சிற்றுண்ணி கடித்து வரும் டைபஸ் காய்ச்சல் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தது. காடு திருத்துவோரையும் தோட்டத் தொழிலாளரையும் கொண்டுபோன காய்ச்சல் அது. மருந்து பலித்தது. டைபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட ஒருவருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு, அவரும் தேறினார். டைபாய்டுக்கும் மருந்து கிடைத்துவிட்டது என்பதை உலகம் அறிந்தது கோலாலம்பூரில்தான். நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு தோட்டத்துக்குள் டைபாய்டு புகுந்தால் எத்தனை லயங்களில் ஒப்பாரி கேட்டிருக்கும் என்பதை எண்ணினால், இந்த ஒரு செய்தியைப் பள்ளி வரலாற்றுப் பாடத்திலேயே சேர்க்கலாம் என்று தோன்றுகிறது.

சூரியநாராயணனும் அவர் மாணாக்கரும் பார்த்த மரங்கள் பல. 1998-இல் சதுப்புநிலச் சுரபுன்னை இரண்டு வகைகளின் இலைகளில் அகவாழ் பூஞ்சணங்களை ஆராய்ந்து எழுதினர். சுரபுன்னைதான் நம் ஆற்றுமுகத்தில் முட்டுக்கால் ஊன்றி நிற்கும் பாக்காவ் மரம். 2000-இல் வேம்பின் இலையையும் ஆராய்ந்தனர். முதுமலைக் காட்டில் மழை மிகுந்த இடம், குறைந்த இடம் என்று பிரித்துப் பார்த்தனர். மலேசியாவிலும் 2002-இல் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூலிகைச் செடிகளிலிருந்து அகவாழ் பூஞ்சணங்களைப் பிரித்து, அவை கிருமிகளைத் தடுக்கின்றனவா என்று சோதித்து வெளியிட்டனர்.

இவற்றினூடே ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது. புல்லில் பூஞ்சணம் விதை வழியாகத் தாயிடமிருந்து சேய்க்குச் செல்கிறது. மரங்களின் இலைகளுக்கோ பெரும்பாலும் அவ்வாறன்று. தளிர் விரியும்போது ஏறத்தாழத் தூய்மையாகவே விரிகிறது. காற்றிலும் மழையிலும் வரும் வித்துத் தூள்கள் இலைமேல் விழுந்து, முளைத்து, உள்ளே குடியேறுகின்றன. முற்றிய இலையில் குடிகள் மிகுதி. ஆகவே ஒரு மரத்தின் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது அம்மரம் நிற்கும் காட்டைப் பொறுத்தது. 2003-இல் ஆர்னால்டு என்னும் பெண்மணி பனாமாவில் கொக்கோ மரத்தில் இதைச் சோதித்தார். அகவாழ் பூஞ்சணம் குடியேறிய இலைகள் அழுகல் நோயை எதிர்த்து நின்றன. குடியேறாத இலைகள் மிகுதியாக உதிர்ந்தன.

இதைப் படித்தபோது எனக்கு நம் பால்மரத்தின் நினைவு வந்தது. 1876-இல் விக்காம் அமேசான் காட்டிலிருந்து விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அடுத்த ஆண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. சிலவற்றை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். பேராக் ரப்பரின் தொடக்கம் அதுவே. விதை வந்தது, அமேசான் காற்று வரவில்லை. 2010-க்குப் பின் காசிஸ், சவேரி என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் அக்காட்டு மரங்களையும் தோட்டத்து மரங்களையும் ஒப்பிட்டபோது, காட்டு மரங்களின் உள்ளே ட்ரைக்கோடெர்மா போன்ற நன்மைப் பூஞ்சணங்கள் மிகுந்திருந்தன. தோட்டத்து மரங்களில் அவை அருகியிருந்தன. ட்ரைக்கோடெர்மா அமேசானிக்கம் என்று ஒரு புதிய வகையையே 2011-இல் பெயரிட்டனர். சுற்றம் அனைத்தையும் பிரிந்து தனியே கப்பலேறியவர்கள் மனிதர் மட்டுமல்லர் போலும்.

இனி, மருந்துப் பொருள்களுக்கு வருவோம். பூஞ்சணங்கள் தமக்குள் நஞ்சு வீசிப் போராடுவன என்பது 1930-களிலேயே தெரியும். வைண்ட்லிங் என்பார் மண்ணில் வாழும் பூஞ்சணம் ஒன்று மற்றொன்றைக் கொல்லக் கண்டு, அக்கொல்லியைப் பிரித்துக் கிளையோடாக்சின் எனப் பெயரிட்டார். படர்தாமரைக்கு நாம் விழுங்கும் கிரிசியோபல்வின் மாத்திரை 1939-இல் ஒருவகைப் பெனிசிலியத்திலிருந்து கிடைத்தது. அதே பொருளை ஊசியிலை மரம் ஒன்றினுள் வாழும் பூஞ்சணமும் செய்கிறது என்று 2005-இல் கொரிய ஆய்வாளர்கள் கண்டனர். அமெரிக்காவின் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்ட்ரோபெல், ஹொண்டுராஸ் நாட்டில் வளர்ந்த இலவங்கப்பட்டை மரத்தினுள் வெள்ளைப் பூஞ்சணம் ஒன்றைக் கண்டு 2001-இல் வெளியிட்டார். அது திரவமாக எதையும் சுரக்கவில்லை, ஆவியாக வீசிற்று. ஒரே பெட்டியில் வைத்த பிற பூஞ்சணங்களும் பாக்டீரியாக்களும் தொடாமலே மாண்டன. பட்டையின் தாயகமாகிய இலங்கையில் கிடைக்காமல் கடல்கடந்த மரத்தில் கிடைத்தது ஒரு விந்தை.

ஆனால் அதே ஸ்ட்ரோபெலின் பெயரோடு இணைந்த இன்னொரு வரலாறும் உண்டு. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து டாக்சால் என்னும் புற்றுநோய் மருந்து கிடைக்கிறது. 1993-இல் அவரும் ஸ்டியர்லே தம்பதியரும், அம்மரத்தினுள் வாழும் பூஞ்சணமும் டாக்சாலைச் செய்கிறது என்று அறிவித்தனர். உலகமே பரபரப்படைந்தது. மரத்தை வெட்டாமல் தொட்டியில் பூஞ்சணத்தை வளர்த்து மருந்து எடுக்கலாமே! தொடர்ந்து எத்தனையோ ஆய்வாளர்கள் எத்தனையோ மரங்களில் இதே போன்ற செய்திகளை வெளியிட்டனர். கிடைத்த அளவோ ஒரு லிட்டருக்குச் சில பத்து நானோகிராம்; அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பத்துப் பங்கு. இருபது ஆண்டுக்குப் பின், 2013-இல், ஜெர்மனியில் ஒரு குழு அந்தப் பூஞ்சணத்தின் மரபணுக்களையே அலசிப் பார்த்தது. டாக்சால் செய்யும் கருவிகள் அதனிடம் இருப்பதற்குச் சான்று கிட்டவில்லை. குடுவையில் கண்டதையும் மரத்தில் நடப்பதையும் வேறுபிரித்துப் பார்த்த 1955-ஆம் ஆண்டுச் சென்னை மாணாக்கரின் பொறுமை இங்கே நினைவுக்கு வருகிறது. ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை பெருகுவதைக் கண்டு மயங்கும் காலத்தில் அத்தகைய பொறுமைக்குப் பரிசு கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

இப்போது நம் செம்பனைக்கே திரும்புவோம். 2000-இல் அமைந்த மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள், இட்ரிஸ் அபு செமான் முதலியோர், கானோடெர்மா நோயையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர்கள். அவர்கள் செம்பனையின் வேரினுள் வாழும் பூஞ்சணங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் கானோடெர்மாவுக்கு எதிரே ஒரே தட்டில் வளர்த்துப் பார்த்தனர். ஹென்டர்சோனியா என்னும் ஒன்று பகைவனை முன்னேறவிடாமல் தடுத்தது. அதன் சுரப்பிலே பூஞ்சணத்தை எதிர்க்கும் பொருள்கள் இருந்தன. அதற்குக் கானோஇஎப்1 என்று குறியிட்டனர். தட்டோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதே பாராட்டத்தக்கது. செம்பனை நாற்றுகளில் அதனை இட்டு, பிறகு கானோடெர்மா பிடித்த கட்டையை வேரோடு சேர்த்து வைத்துச் சோதித்தனர். இட்ட நாற்றுகளில் நோய் குறைந்தது. 2010-களில் அது உயிர் உரமாக வெளிவந்தது. நாற்றுப் பையிலும், தோட்டத்தில் நடும்போது குழியிலும் இடுவதற்குரியது அது. வந்த நோயைத் தீர்ப்பதற்கன்று, வருமுன் காப்பதற்கு.

அவ்வேறுபாட்டைத் தோட்ட மக்கள் அறிந்துகொள்வது நலம். சிறு நிலம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், சாய்ந்துகொண்டிருந்த மரத்தைச் சுற்றி ஏதோ ஒரு மூட்டைப் பொடியைக் கொட்டிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தார். மரம் விழுந்தது. பாதித் தண்டு அழிந்த பின் வேரில் யாரைக் குடியேற்றி என்ன பயன்? வேர் இளமையாக இருக்கும்போதே, பகைவன் வருமுன்னே, இடம் பிடித்தாக வேண்டும். அகவாழ் பூஞ்சணம் காப்பது மருந்தால் மட்டுமன்று; இடத்தை முன்னரே பிடித்துக்கொள்வதாலும், மரத்தின் சொந்த எதிர்ப்பைத் தூண்டி விழிப்பாக வைப்பதாலுங்கூட. இம்மூன்றில் எது எவ்வளவு என்பதை உயிருள்ள வேரிலேயே பார்த்து முடிவுகட்ட வேண்டும். சதாசிவனின் கூடத்தார் பருத்தியைப் பிழிந்து பார்த்ததைப் போல.

அதற்கிடையே பழைய தென்னங்கட்டைகளையும் மறந்துவிடலாகாது. மறுநடவின்போது இயந்திரத்தால் அடிமுண்டைத் தோண்டி எடுத்துத் துண்டுதுண்டாகச் சிதைக்கிறார்கள். செலவு பிடிக்கும் வேலை. பெரிய தோட்டங்களுக்கு முடியும். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் கட்டையை அப்படியே விட்டு அதன் பக்கத்திலேயே கன்று நடுகின்றனர். இடம் வீணாகிறதே என்ற எண்ணந்தான்.

அந்த மாணவனை அழைத்து, "நீ கேட்டதற்கு நான் சொன்ன விடை பாதிதான்" என்றேன். அவன் கொணர்ந்தது தின்பதுதான். அதே மரத்தின் வேருக்குள் குடியிருந்து காப்பதும் ஒன்று உண்டு, அதன் இனமும் பூஞ்சணமே என்றேன். "அது எப்படி இருக்கும் ஐயா? காட்டுங்க" என்றான். பள்ளியில் இருப்பது ஒரேயொரு பழைய நுண்ணோக்கி, கண்ணாடி மங்கிவிட்டது. வேப்பிலைத் துண்டு ஒன்றை அதன்கீழ் வைத்து, இழைகள் இதற்குள் இருக்கின்றன என்றேன். நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தான். அவன் கொணர்ந்த காளான் இப்போது அறிவியல் அறை அலமாரியில், அவனே எழுதி ஒட்டிய பெயர்ச்சீட்டோடு இருக்கிறது.